அகப்பை யார் கையில்

முள்ளியவளையில் ஒருவருக்குச் சீனி வருத்தம் என்று கிளினிக் கொப்பியில் எழுதினால் போதும், மூன்று திசையிலிருந்து ஆலோசனை வந்துவிடும். மாஞ்சோலை வைத்தியசாலையில் "சோத்தைக் குறையுங்கோ, சீனியை விடுங்கோ" என்பார்கள். தமிழ்நாட்டுக் காணொளி சோற்றை அறவே விட்டு முட்டை, பன்னீர், பாதாம் சாப்பிடச் சொல்லும். இலண்டனில் இருக்கும் தங்கச்சி, அங்கே கொடுத்த மாக்கரைசலை மூன்று மாதம் குடித்து மாத்திரையையே விட்டுவிட்டதாகத் தொலைபேசியில் சொல்வாள். மூன்றும் வேறு வேறு வழிகள். மூன்றுக்கும் பின்னால் ஏதோ ஓரளவு ஆதாரம் இருக்கிறது. ஆனால் மூன்றும் தோற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: மத்தியானம் ஒரு மணிக்கு, அகப்பையோடு நிற்பவர் "இன்னும் கொஞ்சம் போடட்டே?" என்று கேட்கும் இடம்.

மாப்பொருளைக் குறைப்பது, கலோரியைக் குறைப்பது, இரண்டையும் ஆட்களின் துணையோடு செய்வது பற்றி உலகம் எவ்வளவு கற்றிருக்கிறது, அதில் எவ்வளவு வன்னி அடுப்படிக்குள் நுழையும் என்று பார்க்கலாம்.

முதலில் சோற்றுக் கணக்கு. அவித்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாப்பொருளும் 130 கலோரியும் உண்டு. வயலுக்குப் போய் வந்தவரின் கோப்பையில் 400 கிராம் சோறு கிடப்பது எங்கள் பக்கத்தில் பெரிய சாப்பாடு அல்ல. அதிலேயே 110 கிராம் மாப்பொருள் வந்துவிடும். மருத்துவ ஆய்வுகளில் குறைந்த மாப்பொருள் உணவு என்பது பொதுவாக நாளொன்றுக்கு 130 கிராமுக்கு உட்பட்டது. காலைப் புட்டும் இரவுப் பாணும் கணக்கில் ஏறுமுன்னரே மத்தியானச் சோறு அந்த நாளின் பங்கை ஏறக்குறைய முடித்துவிடுகிறது. மிகக் குறைந்த மாப்பொருள் என்றால் 50 கிராமுக்குக் கீழ். நாள் முழுவதற்கும் அந்தக் கோப்பையில் பாதிகூட இல்லை. தேத்தண்ணிக் கணக்கு இதற்குள் சேராது. நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் அது இன்னும் முப்பது நாற்பது கிராம். 2016இலிருந்து இலங்கையில் இனிப்புப் பானப் போத்தல்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் இடுகிறார்கள். வீட்டுச் சீனிப் பேணிக்கு அப்படி எதுவும் இல்லை.

கலோரிக் கணக்கு வேறு. நாளுக்கு 1200 முதல் 1500 கலோரி வரை குறைந்த கலோரி உணவு எனப்படுகிறது. 800 அளவில் என்றால் மிகக் குறைந்தது, அதை மருத்துவக் கண்காணிப்பில்லாமல் செய்யக்கூடாது. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் பலர். சோற்றை விட்டுவிட்டு நாள் முழுக்கக் கச்சான் கொறிப்பவர் மாப்பொருளைக் குறைத்திருக்கிறார், கலோரியைக் குறைக்கவில்லை. 100 கிராம் கச்சானில் 570 கலோரி வரை இருக்கிறது. இரண்டு துண்டுப் பாணையும் சொதியையும் வைத்து ஒரு வேளையைப் போக்குபவர் கலோரியைக் குறைத்திருக்கலாம், ஆனால் அவர் சாப்பிட்டதில் மிகுதி மாப்பொருள்தான்.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். குரக்கன் சாப்பிட்டால் சீனி ஏறாது என்ற எண்ணம் எங்கள் ஊர்களில் ஆழமாக இருக்கிறது. குரக்கன் மாவில் நார் கூடுதல், சுண்ணாம்புச் சத்தும் கூடுதல், அது உண்மை. ஆனால் நிறைக்கு நிறை பார்த்தால் அதில் உள்ள மாப்பொருள் அரிசி மாவிலிருந்து அதிகம் விலகவில்லை. ஒடியல் மாவும் அப்படித்தான். சிவப்புப் புழுங்கலரிசி வெள்ளைப் பச்சையரிசியைவிட மெதுவாகச் சீனியை ஏற்றும் என்பது சரி. அதைச் சொல்லிக்கொண்டு மொட்டைக்கறுப்பன் சோற்றைக் கோபுரமாகக் குவித்தால் அந்த நன்மை குவியலிலேயே போய்விடும்.

எந்த உணவு நல்லது என்ற வழக்கு மிகப் பழையது. இலண்டனில் மரணச் சடங்கு ஒழுங்குசெய்யும் தொழில் பார்த்த வில்லியம் பான்டிங், பாண், சீனி, உருளைக்கிழங்கு, பியர் ஆகியவற்றை விட்டுத் தன் உடல் மெலிந்த கதையை 1863இல் சிறு நூலாக வெளியிட்டார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1963இல், நியூயோர்க்கில் ஜீன் நைடிட்ச் என்ற இல்லத்தரசி 'வெயிற் வோச்சர்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் எந்த உணவையும் கண்டுபிடிக்கவில்லை. நகரச் சுகாதாரத் திணைக்களத்தின் கிளினிக்கில் கொடுத்த பட்டியல்தான் அவர் கையிலும் இருந்தது. அதைத் தனியே கடைப்பிடிக்க முடியாமல், தோழிகளை வாராவாரம் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசத் தொடங்கினார். பட்டியல் இலவசமாகக் கிடைத்தது. கோடிக்கணக்கில் விலைபோனது அந்தக் கூடிப்பேசல்.

பிறகு வந்த ஆய்வுகளும் பான்டிங்கைவிட நைடிட்சின் பக்கமே சாய்கின்றன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பையும் மறுபாதிக்கு மாப்பொருளையும் ஓராண்டு குறைத்தார்கள். 2018இல் வந்த முடிவு: ஒரு பக்கம் 5.3 கிலோ, மறுபக்கம் 6 கிலோ. வேறுபாடு என்று சொல்ல எதுவுமில்லை. ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் சிலர் மிக நிறையக் குறைந்தார்கள், சிலர் கூடவும் செய்தார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு மட்டும் பார்த்தால் மாப்பொருள் குறைப்புக்கு ஒரு மேலதிகப் புள்ளி உண்டு. 23 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான மதிப்பாய்வில், ஆறு மாதத்தில் சீனி வழமை நிலைக்குத் திரும்பியவர்கள் மாப்பொருள் குறைத்தவர்களில் நூற்றுக்கு 57, மற்றவர்களில் 31. ஓராண்டு போனதும் அந்த இடைவெளி தேய்ந்துவிடுகிறது. உணவு தோற்றதால் அல்ல, ஆட்கள் பழைய கோப்பைக்குத் திரும்பியதால் என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை வாசிக்கிறார்கள்.

தங்கச்சி சொன்ன மாக்கரைசலின் கதை ஸ்கொட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் நடந்த 'டிரெக்ட்' ஆய்விலிருந்து வருகிறது. மைக் லீன், ரோய் ரெய்லர் என்ற இரு பேராசிரியர்கள் நடத்தினார்கள். 49 குடும்ப வைத்திய நிலையங்களில் ஏறக்குறைய 300 பேர். மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்கு 850 கலோரி அளவில் கரைசல் மட்டும். பிறகு சாப்பாடு மெல்ல மெல்லத் திரும்பியது. ஓராண்டில் நூற்றுக்கு 46 பேருக்கு மாத்திரை இல்லாமலே நீரிழிவு விலகியது. வழமையான சிகிச்சை பெற்றவர்களில் அது வெறும் 4. பதினைந்து கிலோவுக்கு மேல் குறைந்தவர்களில் நூற்றுக்கு 86 பேர். செய்தித்தாள்கள் இந்த இலக்கங்களோடு நின்றுவிட்டன. இரண்டாம் ஆண்டு 46 என்பது 36 ஆனது. அப்போது விலகியிருந்தவர்களில் ஐந்தாம் ஆண்டிலும் அப்படியே நின்றவர்கள் நான்கில் ஒருவர் அளவே. தாதியையோ உணவு ஆலோசகரையோ தொடர்ந்து சந்திக்கும் ஏற்பாடு இருந்தும் இந்த நிலை.

எங்கள் உடம்புக்கு இது பொருந்துமா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. வன்னி வயல்களில் சீனி வருத்தக்காரர் பலர் ஒல்லியானவர்கள். பூனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரித்தானிய மருத்துவர் ஜோன் யுட்கினும் 2004இல் தங்கள் இருவரின் படத்தையே ஒரு மருத்துவ இதழில் போட்டார்கள். உயரத்துக்கான எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பிலுள்ள கொழுப்போ ஒருவருக்கு 9 வீதம், இந்தியருக்கு 21 வீதம். ஆசியருக்கு 25க்குப் பதிலாக 23இலேயே கவனம் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொல்வதன் பின்னணி இதுதான். எடைத் தராசைவிட இடுப்பைச் சுற்றிப் பிடிக்கும் நாடா எங்களுக்குக் கூடுதல் உண்மை சொல்லும்: ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. ரெய்லரின் குழு பின்னர் பருமன் இல்லாத 20 பேரைப் பார்த்தது. உடல் எடையில் பத்திலொரு பங்கு குறைந்தபோது 14 பேருக்கு நீரிழிவு விலகியது. ஒல்லியானவருக்கும் குறைக்க ஏதோ இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான் இருக்கிறது என்று இதை எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே வாடிப்போன உடம்போடு வருபவரின் கதை வேறு; அவருக்கு இன்சுலின் பற்றாக்குறையாக இருக்கலாம், பட்டினி போடுவது தவறு.

சோற்றை நேரடியாகக் குற்றக்கூண்டில் ஏற்றியது 'பியூர்' என்ற பெரிய ஆய்வு. 21 நாடுகள், 132,000க்கு மேற்பட்டோர். நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட 20 வீதம் கூட. தெற்காசியாவில் 61 வீதம் கூட. சென்னையில் வி. மோகன், ஆர். எம். அஞ்சனா ஆகியோரின் குழு 2022இல் இந்தியா முழுவதும் 18,000 பேரின் உணவைக் கணக்கிட்டு நடைமுறைக்கு ஏற்ற ஓர் எல்லை சொன்னது. கலோரியில் 60 வீதத்துக்கு மேல் மாப்பொருளாக இருப்பதை 50 அளவுக்கு இறக்கி, புரதத்தை 20 அளவுக்கு ஏற்றினாலே புதிதாக நீரிழிவு வந்தவர்களுக்கு அது விலக வாய்ப்பு உண்டு என்பது அவர்களின் கணிப்பு. சோற்றை அறவே விடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அறவே விடச் சொன்னது தமிழ்நாட்டின் பேலியோ அலை. நியாண்டர் செல்வன் எழுதிய நூலும், அவர் முன்னெடுத்த 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' குழுமமும், பட்டர் ரீயையும் நூறு பாதாமையும் தமிழ்ப் பேச்சுக்குள் கொண்டுவந்தன. மருத்துவர்கள் பலர் அதன் கொழுப்பு அளவு பற்றிக் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதைக் கேலி செய்தவர்கள் அதில் நடந்த முக்கியமான காரியத்தைப் பார்க்கவில்லை. முதலில் இரத்தப் பரிசோதனைத் தாளைப் போட வேண்டும். அதைப் பார்த்துத் தன்னார்வலர் ஒருவர் உணவுப் பட்டியல் கொடுப்பார். முன்பின் தெரியாதவர்கள் நாள்தோறும் தங்கள் கோப்பையைக் காட்டி ஒருவரையொருவர் தட்டிக்கொடுப்பார்கள். மூன்று வேளையும் அரிசி உண்ட சமூகத்தில் ஆயிரக்கணக்கானோர் சில மாதமாவது அதை விட்டிருந்தார்கள். துணை இருந்தால் தமிழர் சோற்றைக் குறைப்பார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எங்களிடம் இல்லை. இது ஆய்வு அல்ல என்பதும் உண்மை. வென்றவர்கள் எழுதுவார்கள், விட்டவர்கள் சத்தமில்லாமல் விலகிப்போவார்கள்.

அந்தப் பட்டியலை முள்ளியவளைக்குக் கொண்டுவந்தால் முதலில் இடறுவது விலை. பாதாம் இங்கே கிராம் கணக்கில் வாங்கும் பொருள். ஆனால் பெரிய தடை அதற்கும் அடியில் இருக்கிறது. முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்புக் குளங்களின் கீழ் வயல் செய்யும் குடும்பத்துக்கு அரிசி கடையில் வாங்கும் பொருளே அல்ல. காலபோக நெல் வீட்டு மூலையில் மூட்டையாக அடுக்கியிருக்கும். அதைக் குத்திச் சோறாக்கக் காசு தேவையில்லை. மீனுக்கும் முட்டைக்கும் கைக்காசு வேண்டும். சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தை மீனால் நிரப்பச் சொல்வது, தன் விளைச்சலில் சாப்பிடும் வீட்டைச் சந்தைக்கு அனுப்புவது. 2019இல் குடிசன மதிப்பீட்டுத் திணைக்களம் எடுத்த கணக்கில் நாட்டிலேயே வறுமை கூடிய மாவட்டம் எங்கள் முல்லைத்தீவு, 44.5 வீதம். பிறகு வந்தது 2022இன் பொருளாதார நெருக்கடி. அந்த ஆண்டு செப்ரெம்பரில் கொழும்பு விலைச் சுட்டியின்படி உணவு விலை ஏற்றம் 94.9 வீதம். பல வீடுகளில் முட்டை பிள்ளைகளுக்கு மட்டும் என்றானது.

நெல் மூட்டைக்கு இன்னொரு பெறுமதியும் உண்டு. 2009இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும் உப்பும் சேர்ந்த கஞ்சி பலரை உயிரோடு வைத்தது. ஒவ்வொரு மே மாதமும் வடக்குக் கிழக்கில் தெருவோரங்களில் அந்தக் கஞ்சி காய்ச்சி ஊற்றப்படுகிறது. அதற்கு வரிசையில் நின்ற தாய் ஒருத்தியிடம், மீள்குடியேறிக் கூரை போட்டு முதல் போகம் வெட்டிய பிறகு, "சோத்தைக் குறையுங்கோ" என்றால் அவள் காதில் அது எப்படி விழும்? கோப்பை நிறையச் சோறு போடுவது அவளுக்கு யுத்தம் முடிந்ததன் அடையாளம். பேரப்பிள்ளைக்கு இரண்டாவது முறை போடும்போது அவள் கை தாராளமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. உணவு ஆலோசனை சொல்பவர்கள் இதை அறியாமை என்று எழுதிவிட்டுப் போவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும்.

யுத்தம் எங்களைக் கணக்கிலிருந்தும் மறைத்தது. இலங்கையில் வளர்ந்தவர்களில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு என்று முதன்முதலில் சொன்ன பெரிய ஆய்வு 2005, 2006இல் ஏழு மாகாணங்களில் நடந்தது. விடுபட்டவை வடக்கும் கிழக்கும். 2018, 2019இல் நாடு தழுவி எடுத்த இன்னொரு ஆய்வு 23 வீதம் என்றது. முறைகள் வேறு என்பதால் இரண்டையும் நேரே கழித்துப் பார்க்கக்கூடாது. ஆனாலும் நாலு பேரில் ஒருவர் என்பது எந்த ஊருக்கும் பெரிய தொகை. ஹொலண்டில் 1944, 45 பஞ்சகாலத்தில் கருவில் இருந்தவர்கள் ஐம்பது வயதை எட்டியபோது அவர்களுடைய இரத்தச் சீனி மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாக இருந்தது. 2009இன் முதல் ஐந்து மாதங்களில் வன்னியில் கருவிலிருந்தவர்கள் கிளினிக் வரிசைக்கு வரும் வயதை இன்னும் எட்டவில்லை.

இப்போது துணைக்கு வருவோம். 'ஆதரவு' என்று பொதுவாகச் சொல்வது எளிது. ஆராய்ந்தவர்களுக்குக் கிடைத்த விடை சீரானதாக இல்லை. அமெரிக்காவில் ரீனா விங், ரொபேர்ட் ஜெஃப்ரி இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. தனியாக வந்து சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 76 பேர் திட்டத்தை முடித்தார்கள். குறைந்த எடையை முழுதாகக் காத்தவர்கள் 24. மூன்று நண்பரோடு வந்து, ஒருவரையொருவர் தாங்கும் பயிற்சியும் பெற்றவர்களில் 95 பேர் முடித்தார்கள், 66 பேர் காத்தார்கள். மூன்று நண்பரைக் கூட்டிவரக்கூடியவர் ஏற்கெனவே ஊக்கம் கூடியவர்தான் என்ற மறுப்பையும் சேர்த்தே இதை வாசிக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் ஏ. ராமச்சந்திரனின் குழு நீரிழிவின் விளிம்பில் நின்ற 537 ஆண்களைப் பார்த்தது. அவர்களில் ஒரு பாதியினருக்குக் கைபேசியில் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பி வந்தார்கள். இரண்டு ஆண்டில் நீரிழிவு வந்தவர்கள் செய்தி பெறாத பக்கத்தில் 27 வீதம், பெற்ற பக்கத்தில் 18. இவ்வளவு மெல்லிய துணையும் வேலை செய்தது.

அதே நேரம் கேரளத்தின் நெய்யாற்றின்கரையில், 60 ஊர்ப்பகுதிகளில், ஆயிரம் பேரோடு, உள்ளூர்க்காரரையே குழுத் தலைவராக்கி ஓராண்டு நடத்திய அழகான திட்டம் எதிர்பார்த்ததைத் தரவில்லை. இரண்டாண்டு முடிவில் நீரிழிவு ஒரு பக்கம் 14.9 வீதம், மறுபக்கம் 17.1, தற்செயலாகவும் வரக்கூடிய இடைவெளி. புகையும் மதுவும் குறைந்தன, காய்பழம் கூடியது, எடை அதிகம் அசையவில்லை. கூடிப் பேசுவது நடத்தையை மாற்றுகிறது. சோற்று அளவை மாற்றக் கோப்பையைத் தொட்டாக வேண்டும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

கோப்பையைத் தொட்ட முயற்சி நேபாளத்தில் நடக்கிறது. துலிகேல் வைத்தியசாலையும் கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் சேர்ந்தது; டிரெக்ட் ஆய்வின் மைக் லீன் இதிலும் இருக்கிறார். விலை கூடிய கரைசல் இல்லை. தயிர், பழம், பருப்பு, சோறு என்று அந்த ஊர்ச் சாப்பாட்டிலேயே நாளுக்கு 850 கலோரி. 70 பேரோடு நடந்த முன்னோட்டத்தில் 43 வீதத்தினருக்கு நீரிழிவு விலகியது. அவர்களின் எடை இறங்கியது பதினைந்து கிலோ அல்ல, நாலைந்து கிலோதான். தெற்காசிய உடம்புக்கு அதுவே போதுமாக இருந்திருக்கிறது. பிறகு கிராமங்களில் மருத்துவப் படிப்பு இல்லாத பெண் தொண்டர்கள் தராசும் சீனி பார்க்கும் கருவியும் கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். உலக ஆய்வுகளில் வன்னிக்கு மிக நெருக்கமானது என்று நான் கருதுவது இதைத்தான்.

வீட்டுக்குள் போனால்தான் அகப்பை கண்ணில் படும். எங்கள் வீடுகளில் ஆணுக்குச் சீனி வருத்தம் என்றால் பத்தியம் பெண்ணின் வேலையாகிவிடும். கொப்பியில் பெயர் அவருடையது, கிளினிக்கில் அறிவுரை கேட்பவரும் அவர், சமைப்பவள் அங்கே இல்லை. "உங்களுக்கெண்டு தனியா ஆர் சமைக்கிறது?" என்ற கேள்வியில் எரிச்சல் மட்டும் இல்லை, விறகும் நேரமும் இருக்கின்றன. மறுபுறம், வருத்தம் பெண்ணுக்கு என்றால் துணை என்ற சொல்லே வெறுமையாகிறது. எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சிய சோற்றை வீணாக்காமல் சாப்பிடுபவள் அவள். மீன் துண்டு அதற்குள் முடிந்திருக்கும். யுத்தத்தில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் இங்கே அதிகம். நோயாளியும் அவள்தான், அகப்பை பிடிப்பவளும் அவள்தான், கூலி வேலைக்குப் போய்க் காசு கொண்டுவருபவளும் அவள்தான். பிள்ளைகள் வெளிநாட்டில், பேரப்பிள்ளையோடு இருக்கும் அம்மம்மாவுக்கும் இதே நிலை. துணை என்பதை "குடும்பம் பார்த்துக்கொள்ளும்" என்று எழுதிவிட்டால் இவர்கள் இல்லாமல் போய்விடுவார்கள்.

தனிப் பானை வைக்காமல் ஒரே பானையில் மாற்றம் செய்ய முடியும். சோற்றுக்குக் கறி என்பது கறிக்குச் சோறு என்று ஆக வேண்டும். 400 கிராம் சோறு 150 ஆனால் ஒரு வேளையிலேயே 70 கிராம் மாப்பொருளும் 325 கலோரியும் குறையும். அந்த இடத்துக்கு வர வேண்டியவை ஊரிலேயே உண்டு: முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, வல்லாரை, குறிஞ்சா, கத்தரி, புடோல், பயற்றங்காய். புரதத்துக்கு நெத்தலிக் கருவாடு, குளத்து மீன், முட்டை, பயறு, கௌபி, சோயாமீற். பயறும் கௌபியும் தாங்களே ஓரளவு மாப்பொருள் கொண்டவை, ஆகவே சோற்றோடு சேர்க்காமல் சோற்றுக்குப் பதிலாக அவித்துச் சாப்பிடுவதே கணக்கு. வீட்டில் வருத்தம் இல்லாதவர் வேண்டுமானால் தன் கோப்பைக்கு மேலதிகமாகச் சோறு போட்டுக்கொள்ளலாம். கறி எல்லாருக்கும் ஒன்றே. வயலில் நாள் முழுக்கக் குனிந்து நிற்கும் இருபத்தைந்து வயதுப் பையனுக்கு அந்தச் சோறு தேவை.

ஊரே ஒன்றாகச் சாப்பாட்டை மாற்றுவது எங்களுக்குப் புதிதல்ல. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு முன்னர் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரியும் அந்த நாட்களில் பல வீடுகளில் மச்சம் ஏறாது. யாரும் கலோரி எண்ணுவதில்லை, யாருக்கும் நினைவூட்டல் வேண்டியதில்லை. ஒருவர் மட்டும் விரதம் என்றால் அவருக்குச் சோதனை; அயலெல்லாம் விரதம் என்றால் சோதனைக்கே இடமில்லை. கந்தசஷ்டியிலும் அப்படித்தான். இதை அப்படியே உணவுத் திட்டமாக்கலாம் என்று நான் சொல்லவரவில்லை. மரக்கறி நாட்களில் சோறு கூடும். பாறணையில் பாயாசமும் வடையும் ஆறு நாள் மிச்சத்தை ஒரே நாளில் கொண்டுவந்துவிடும். வெள்ளி, செவ்வாய் மச்சம் தொடாத வீட்டில் முட்டையும் போய்விடும், அன்றைக்குப் பருப்பும் பயறும் தயிரும்தான் மிச்சம். எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் அமைப்பை: திகதி முன்கூட்டியே தெரியும், அயலவர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள், முடிவு நாளும் உண்டு. எட்டுக் கிழமை என்று எல்லை வைத்த திட்டத்தை "இனி வாழ்நாள் முழுக்க" என்பதைவிட எளிதாக ஏற்றுக்கொள்வார்கள்.

ஆபத்துகளைத் தெளிவாகச் சொல்லாமல் இதை எழுதக்கூடாது. மெற்ஃபோமின் மட்டும் எடுப்பவர் சோற்றைக் குறைத்தால் பெரிய பயமில்லை. கிளிக்கிளசைட், ரொல்பியூற்றமைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் பாதியாக்கினால் சீனி அபாயகரமாக இறங்கும். வியர்த்து, கை நடுங்கி, வயலில் தனியாக விழுந்தால் தூக்க ஆள் இருக்காது. டிரெக்ட் ஆய்வில் முதல் நாளே மாத்திரைகளை நிறுத்தியது வைத்தியரின் கண் முன்னால்தான். பிரஷர் மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை. சிறுநீரகம் பழுதானவர் புரதத்தைத் தன் எண்ணத்துக்கு ஏற்றக்கூடாது. காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பக்கத்து மாவட்டமான வவுனியாவிலும் இருப்பதால் இது எங்களுக்குத் தூரத்து எச்சரிக்கை அல்ல. கிரியாற்றினின் பார்த்த பிறகே புரதக் கணக்கு. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் பிள்ளைகளும் இந்தப் பேச்சுக்கு வெளியே.

இனி யார் செய்வது? புதிய சங்கம் தேவையில்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது, முதியோர் சங்கம் இருக்கிறது, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ்த் தாய்மார் ஆதரவுக் குழுக்கள் இருக்கின்றன. பிள்ளைக்கு எடை பார்த்து, கொப்பியில் கோடு ஏறுகிறதா என்று பத்துத் தாய்மார் கூடிப் பேசும் பழக்கம் இந்த நாட்டில் ஊன்றிவிட்டது. அதே தராசில் அம்மம்மாவும் ஏறலாம். ஆண்கள் வரமாட்டார்கள் என்பார்கள். கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்கு வருகிறார்களே. தண்ணீர் திறப்புத் திகதி பேசும் இடத்தில் இடுப்பளவு நாடாவை எடுத்தால் ஒரு சிரிப்போடு பிடிக்கக் கொடுப்பார்கள்.

வைத்தியசாலைப் பக்கத்திலிருந்து இரண்டு மாற்றங்கள் போதும். கிளினிக்குக்கு வரும்போது வீட்டில் சமைப்பவரையும் கூட்டிவரச் சொல்லலாம். ஒரே ஊர்க்காரருக்கு ஒரே திகதி கொடுக்கலாம். இரத்தம் கொடுப்பதற்காக வெறும் வயிற்றோடு விடியவே வந்து மணிக்கணக்கில் வாங்கில் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு இடையே நடக்கும் பேச்சு ஏற்கெனவே சாப்பாட்டைப் பற்றியதுதான். தாதி ஒருவரோ பயிற்சி பெற்ற ஊர்ப் பெண் ஒருத்தியோ அதற்குள் உட்கார்ந்து, யார் என்ன மாத்திரை என்று பார்த்து, எட்டுக் கிழமைக்கு நாலைந்து பேரை ஒரு குழுவாக்கலாம். தராசுக்கும் நாடாவுக்கும் பெரிய செலவில்லை. செலவு சீனி பார்க்கும் ஸ்ரிப்பில் இருக்கிறது. மாத்திரை குறைத்த முதல் கிழமைகளில் ஒருவருக்கு அது பலமுறை வேண்டும், வெளியே வாங்கினால் கூலி வேலைக்காரருக்குக் கட்டாது. வெளிநாட்டுச் சொந்தங்கள் கோயில் திருவிழாவுக்கு அனுப்பும் காசில் ஒரு பங்கு அந்தப் பெட்டிகளுக்குப் போகலாம். அம்மாவுக்குத் தொலைபேசியில் பட்டியல் சொல்வதைவிட அது நேரடியான துணை.